ஷிஃப்ட் டெலீட் கொடுத்த கோப்பு திரும்ப வருகிறது: பழைய கணினியைக் கொடுக்கும் முன் என்ன செய்வது?

கணக்கெழுதி:
வணக்கம். வீட்டிலிருந்தே சிலருக்கு வரவு செலவுக் கணக்கு எழுதித் தருகிறேன். அவர்கள் அனுப்பிய வங்கி அறிக்கை, அடையாள அட்டை ஸ்கேன், சம்பளப் பட்டியல் எல்லாம் என் பழைய லேப்டாப்பில் இருந்தன. அதைத் தம்பி மகளுக்குப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். எல்லாவற்றையும் ஷிஃப்ட் டெலீட் கொடுத்து அழித்துவிட்டு, சந்தேகத்துக்கு ஓர் இலவச மீட்பு மென்பொருளை ஓட்டினேன். போன வருடத்துச் சம்பளப் பட்டியல் ஒன்று பெயர், தொகையோடு முழுசாகத் திறக்கிறது. என்னுடைய கோப்பு என்றால் இவ்வளவு பதற மாட்டேன். இது என்னை நம்பிக் கொடுத்தவர்களுடையது. அழித்த கோப்பின் மேல் வேறு தரவை 35 தடவை எழுத (மேலெழுத) வேண்டும் என்கிறார்களே, உண்மையா? விண்டோஸ் 10. உள்ளே இருப்பது எந்த வகை டிஸ்க் என்று தெரியவில்லை.

வேகம்:
ஃபார்மட் அடித்துவிடுங்கள். முடிந்தது.

பழையவட்டு:
வேகம் சொல்வது பாதி சரி. குயிக் ஃபார்மட் என்றால் கோப்புப் பட்டியல் மட்டும் புதிதாகும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ஃபார்மட் பெட்டியில் குயிக் என்பதற்கு உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது.

நான் பல வருடம் தரவு மீட்பு வேலை பார்த்தவன். "எல்லாம் அழித்துவிட்டோம்" என்று சொல்லப்பட்ட டிஸ்க்குகளில் அடுத்தவர்களின் மருத்துவ அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் சோதித்துப் பார்த்தது மிக நல்ல காரியம். ஷிஃப்ட் டெலீட் செய்வது இவ்வளவுதான்: இந்த இடம் இனி காலி என்று குறித்து வைக்கிறது. வேறு ஏதாவது அங்கே எழுதப்படும் வரை பழையது இருக்கும்.

உங்கள் கோப்பு முழுசாகத் திரும்பி வந்ததை வைத்துப் பார்த்தால் அது சுழலும் ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்க வேண்டும். சுழலும் பாகமில்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் தானே காலி செய்துகொள்ள வைக்கும் டிரிம் என்ற ஏற்பாடு வேலை செய்து, பெரும்பாலும் வெறும் பூஜ்யமே கிடைத்திருக்கும். உறுதி செய்ய ஸ்டார்ட்டில் டீஃபிராக் என்று தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் டிஸ்க் வகை எழுதியிருக்கும்.

35 கதை கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் கால டிஸ்க்குகளின் பலவகைப் பதிவு முறைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு 35 சுற்றும் தேவையில்லை என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தரவு அழிப்புக்கு வெளியிட்ட 800-88 வழிகாட்டியும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை மேலெழுதினால் போதும் என்கிறது. ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 35 என்றால் இடைவிடாமல் நாலு நாளுக்கு மேல். வீண்.

வேண்டியதை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் ரிக்கவரிக்குப் போய் ரீசெட், ரிமூவ் எவரிதிங். அங்கே சேஞ்ச் செட்டிங்ஸைத் திறந்து கிளீன் டேட்டாவை ஆன் செய்யுங்கள். அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். டி டிரைவ் தனியாக இருந்தால் எல்லா டிரைவ்களும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பல மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் அதே மீட்பு மென்பொருளை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

கணக்கெழுதி:
மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னதுபோல ஹார்ட் டிஸ்க்தான். ரீசெட் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வாங்கிய புதிய லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. வருடா வருடம் பழைய கோப்புகளை அதிலிருந்து அழிக்க வேண்டியிருக்கும். அதற்கும் மேலெழுதும் மென்பொருள் போதுமா?

பழையவட்டு:
போதாது. எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக ஒவ்வொரு முறை எழுதுவதையும் வேறு வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் மேலெழுதியதாக நினைப்பீர்கள், பழையது இன்னொரு மூலையில் கிடக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011இல் சோதித்தபோது, தனிக் கோப்பை அழிக்க ஹார்ட் டிஸ்க்குக்கென்று இருந்த முறை ஒன்றுகூட எஸ்எஸ்டியில் சரிப்படவில்லை. ஆப்பிளும் 2015இல் எல் கேப்பிட்டன் என்ற மேக் இயங்குதளம் வந்தபோது குப்பைத்தொட்டியைப் பாதுகாப்பாகக் காலி செய்யும் வசதியை நீக்கிவிட்டது.

எஸ்எஸ்டியில் அழிப்பதைப் பற்றி முதல் நாளே யோசிக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் மென்பொருள் இலவசம். வருடத்துக்கு ஒரு பூட்டிய பெட்டகம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல். அந்த வருடக் கோப்பு இனி வேண்டாம் என்றால் பெட்டகத்தை அழித்து, கடவுச்சொல் குறிப்பையும் கிழித்துப் போடுங்கள். மிச்சம் கிடப்பதை யாராலும் படிக்க முடியாது. கோப்பை வெளியே சேமித்துவிட்டுப் பிறகு உள்ளே நகர்த்தினால் வெளியே ஒரு நகல் தங்கிவிடும். நேராகப் பெட்டகத்துக்குள்ளேயே சேமியுங்கள்.

மேகக்கண்ணன்:
ஒன்று விட்டுப்போனது. அவர்கள் அனுப்பிய மெயிலில் அதே கோப்பு இணைப்பாக இருக்கும், அதையும் பாருங்கள். கூகுள் டிரைவ் குப்பையில் போட்டது 30 நாள் அங்கேயே இருக்கும். உடனே போக வேண்டுமென்றால் குப்பையையும் காலி செய்ய வேண்டும்.

கணக்கெழுதி:
மெயிலை நினைக்கவே இல்லை. இன்று இரவே பார்க்கிறேன். சிலர் பென் டிரைவில் கொடுத்ததும் இருக்கிறது. அதை என்ன செய்ய?

பழையவட்டு:
அவர்களுடையது என்றால் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். உங்களுடையது என்றால் வேறு யாருக்கும் கைமாற்ற வேண்டாம். பென் டிரைவில் பெரும்பாலும் டிரிம் கிடையாது, மேலெழுதுவதையும் நம்ப முடியாது. வேண்டாதபோது உள்ளே இருக்கும் சிப் உடையும்படி நொறுக்கிவிடுங்கள்.