டிஏடி தேர்வு: ஐஆர், என்எம்ஆர் கேள்வியில் கடைசி ரெண்டு விடைக்குள்ள மாட்டிக்கிறேன்

மஞ்சக்குப்பம்_மாணவி:
கடலூர்ல பி.எஸ்சி. வேதியியல் முடிச்சிட்டு, அமெரிக்கப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வு டிஏடிக்குப் படிக்கிறேன். ஐஆர் (மூலக்கூறு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சற இடங்களைக் காட்டற வரைபடம்), என்எம்ஆர் (காந்தப்புலத்துல ஹைட்ரஜன், கார்பன் அணுக்கள் தர்ற சிக்னலைக் காட்டற வரைபடம்) அட்டவணை மனப்பாடம். ஆனா கேள்வியில உதைக்குது. உதாரணம்: 4 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், ஐஆர்ல 1740 (அலகு செ.மீ⁻¹). எத்தில் அசிட்டேட்டா, மெத்தில் புரோபனோயேட்டா? ரெண்டுலயுமே என்எம்ஆர்ல ஒரு டிரிப்ளெட் (மூணாப் பிரிஞ்ச சிக்னல்), ஒரு குவார்டெட் (நாலாப் பிரிஞ்சது), ஒரு சிங்லெட் (பிரியாதது) வருதே?

லாஸ்பேட்டை_ஸ்பெக்ட்ரம்:
வடிவம் ஒண்ணுதான் தங்கச்சி, சிக்னல் வர்ற இடத்தை (பிபிஎம் அளவுல) பாருங்க. ஆக்சிஜனை ஒட்டின கார்பனோட ஹைட்ரஜன் 3.6-க்கு மேல போயிடும். கார்போனைலை (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பை) ஒட்டினது 2 - 2.5-க்குள்ள நிக்கும். எத்தில் அசிட்டேட்ல குவார்டெட் 4.1, சிங்லெட் 2.0. மெத்தில் புரோபனோயேட்ல அப்படியே தலைகீழ்: குவார்டெட் 2.3, சிங்லெட் 3.7. டிரிப்ளெட் ரெண்டுலயும் 1.2 பக்கம்தான், அதுல நேரத்தை விடாதீங்க. தேர்வோட இயற்கை அறிவியல் பகுதியில உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிமம் 30, மொத்தம் 100 கேள்விக்கு 90 நிமிஷம். ஒண்ணுக்கு 54 விநாடி.

ஸ்பெக்ட்ரத்தைத் தொடறதுக்கு முன்னாடி வாய்பாட்டை எண்ணிடுங்க. கார்பனை ரெண்டால பெருக்கி 2 கூட்டுங்க, நைட்ரஜன் இருந்தா அதையும் கூட்டுங்க, ஹைட்ரஜனையும் ஹாலஜனையும் கழிச்சுப் பாதியாக்குங்க. வர்றதுதான் வளையம், இரட்டைப் பிணைப்பு ரெண்டோட மொத்த எண்ணிக்கை. இங்க 1 வருது. அதைக் கார்போனைலே எடுத்துக்கிச்சு, அதனால வளையமும் இல்லை, கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பும் இல்லை. 4-ஓ அதுக்கு மேலயோ வந்தா பென்சீன் வளையத்தைச் சந்தேகப்படுங்க.

முத்தியால்பேட்டை_அக்கா:
ஐஆர்ல ஆல்டிஹைடா கீட்டோனானு கார்போனைல் பீக்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டும் பத்துப் பதினஞ்சுதான் தள்ளியிருக்கும். 2720, 2820-ல ரெண்டு சின்னப் பீக் இருந்தா ஆல்டிஹைடு. அமிலத்தோட ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு) 3300-ல ஆரம்பிச்சு 2500 வரைக்கும் சரிஞ்சு, சி-எச் பீக்கையும் மூழ்கடிச்சிடும். ஆல்கஹால்ல அந்தப் பள்ளம் 3200-லயே முடிஞ்சிடும், சி-எச் தனியாத் தெரியும்.

மஞ்சக்குப்பம்_மாணவி:
நன்றி அக்கா. கற்பூரத்தோட ஐஆர்ல 1740-ல கார்போனைல் இருக்கு. 3400-லயும் அகலமா ஒண்ணு இருக்கு. அதுல ஓஎச் ஏது?

முத்தியால்பேட்டை_அக்கா:
அது தண்ணி. ஐஆர் எடுக்கப் பொருளோட கலந்து மாத்திரையா அழுத்தற பொட்டாசியம் புரோமைடு பொடி ஈரத்தை இழுக்கும், நம்ம கடலோரக் காத்துல இன்னும் சீக்கிரமா. 1640 பக்கத்துல மங்கலா இன்னொண்ணு இருக்கானு பாருங்க, இருந்தா சந்தேகமே வேண்டாம். அந்தப் பொடியை 110 டிகிரியில உலர்த்தி டெசிக்கேட்டர்ல (ஈரம் புகாத மூடின பாத்திரத்துல) வைக்கணும். கற்பூரத்தை உலையில வெச்சிடாதீங்க, ஆவியாப் போயிடும். சாதாரண கீட்டோன் 1715-ல வரும்போது இது ஏன் 1740-னு கேட்பாங்க: கார்போனைல் ஐந்தணு வளையத்துல இறுகி இருக்கிறதால.

லாஸ்பேட்டை_ஸ்பெக்ட்ரம்:
கார்பன்-13 என்எம்ஆர் கேள்வி வந்தா (எத்தனை வகைக் கார்பனோ அத்தனை சிக்னல்) சமச்சீர்தான் எல்லாம். பாரா சைலீன் (பென்சீன் வளையத்துல எதிரெதிரா ரெண்டு மெத்தில்) 3 சிக்னல், ஆர்த்தோ (அடுத்தடுத்து) 4, மெட்டா (ஒண்ணு விட்டு ஒண்ணு) 5. வளையத்தை வரைஞ்சு நடுவுல ஒரு கோடு போட்டு எண்ணுங்க. டைகுளோரோபென்சீன் மூணையும் இதே மாதிரி எண்ணிச் சொல்லுங்க பார்ப்போம்.

மஞ்சக்குப்பம்_மாணவி:
பாரா 2, ஆர்த்தோ 3, மெட்டா 4. சரிங்களா அண்ணா?

லாஸ்பேட்டை_ஸ்பெக்ட்ரம்:
சரி. மெத்தில் கார்பன் இல்லாததால ஒவ்வொண்ணுலயும் ஒரு சிக்னல் குறையுது.