ஜெய்சல்மேரில் மூன்று நாள் ஒட்டகப் பயணம், மணல்மேட்டில் ராத்தங்கல்: எதையெல்லாம் பார்த்துப் பேசணும்?

பாளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக்கு அரையாண்டு லீவு விட்டதும் ஜெய்சல்மேர் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 8 வயது மகள், தம்பி, 63 வயது அம்மா. அம்மாவுக்குச் சுகர் உண்டு, இன்சுலின் போடுகிறார்கள். முட்டிவலியும் இருக்கிறது. வழிகாட்டியோடு மூன்று பகல், இரண்டு ராத்திரி, அதில் ஒரு ராத்திரியாவது வெட்டவெளி மணல்மேட்டில் படுக்கணும் என்று ஆசை.

மணல்மேடு இருக்கிற இடங்களில் சாம் பக்கமா, குரி பக்கமா? பேசும்போது எதை எதைக் கேட்டு வாங்கணும்? அம்மாவை ஒட்டகத்தில் ஏற்றலாமா? மணலும் வெயிலும் நமக்குப் புதுசா, நம்ம பக்கத்துச் செம்மணல் மேடான தேரி பார்த்தவங்கதானே என்று தம்பி சொல்கிறான். குளிர் எப்படி இருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிமணல்

அண்ணாச்சி, நீங்கள் பயப்படுவது சரியான விஷயத்துக்குத்தான். மணலைச் சமாளித்துவிடலாம். குளிரைத்தான் நம்ம ஊர் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேரில் பகலில் 22, 24 டிகிரி இருக்கும், சட்டையோடு நடக்கலாம். அதே இடத்தில் விடியற்காலை 6, 7 டிகிரிக்கு இறங்கும். சில நாள் அதற்கும் கீழே. நெல்லையில் மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதே 20 டிகிரியை ஒட்டித்தான். காற்றில் ஈரம் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டை மணல் பொழுது சாய்ந்ததும் வேகமாக விட்டுவிடும். ராத்திரி எட்டு மணிக்குக் கையை வைத்தால் மேல்மணல் சில்லென்று இருக்கும், ஒரு சாண் தோண்டினால் உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்.

அதனால் படுக்கும் இடம் முக்கியம். மேட்டின் உச்சியில் காற்று அறையும். அடிப்பள்ளத்தில் குளிர்காற்று தண்ணீர் மாதிரி வந்து தேங்கும். காற்று மறைவுப் பக்கம், பாதி உயரத்தில், சற்றுத் தட்டையான தோள் மாதிரி இடம் பார்த்து விரிக்கச் சொல்லுங்கள். செங்குத்தாகச் சரிகிற முகத்துக்கு நேர் கீழே வேண்டாம், ராத்திரி முழுக்க மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கீழே தார்ப்பாய், அதன் மேல் ஆளுக்கு இரண்டு கனத்த விரிப்பு, மேலே இரண்டு ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை). இந்த எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "போர்வை தருவோம்" என்று மட்டும் சொன்னால் ஒன்றுதான் வரும். பலர் மேலே போர்த்துவதை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் முதுகுப்பக்கம்தான் மணல் சூட்டை உறிஞ்சும், கீழே கனம் அதிகம் வேணும். விடியும்போது பனி இறங்கி ரஜாய் நனையும், அதற்கு மேலே போட இன்னொரு படுதா கேளுங்கள். உடம்பில் தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஜெர்கின், குரங்குக் குல்லா, இரண்டு சாக்ஸ். பகலில் வேர்த்த பனியனோடு மட்டும் படுக்கவேண்டாம், ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

அடுத்து, இடம். சாம், ஜெய்சல்மேர் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் சுமார், மேடுகள் பெரியவை, ரோடு பக்கத்திலேயே. அதனால் வரிசையாகக் கூடாரம், ஒலிபெருக்கி, ஜீப். நீங்கள் போகிற வாரம் வருஷத்திலேயே கூட்டம் அதிகமான வாரம். குரி தென்மேற்கே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், கொஞ்சம் அமைதி. நான் சொல்வது குரிதான், அதிலும் குரி ஊர் மேடு வேண்டாம், அங்கிருந்து ஒட்டகத்தில் இரண்டு மணி நேரம் உள்ளே தள்ளி. பேசும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ராத்திரி படுக்கிற இடத்திலிருந்து பக்கத்துக் கூடாரம் எவ்வளவு தூரம்? பாட்டுச் சத்தம் கேட்குமா?" லொகேஷன் பின் அனுப்பச் சொல்லி, சாட்டிலைட் படத்தில் நீங்களே பாருங்கள். வெள்ளைப் புள்ளி வரிசையாகத் தெரிந்தால் அதெல்லாம் கூடாரம்.

மூன்று நாளும் மணல்கடல் நடுவே போவோம் என்று நினைக்காதீர்கள். தார் பாலைவனத்தில் பெரும்பகுதி கல்லும் புதரும் எருக்கும் கம்பங்கொல்லையும்தான், மேடு அங்கங்கே வரும். மத்தியானம் 12 முதல் 3 வரை ஒரு மரத்தடியில் இறக்கிச் சமைப்பார்கள். அந்த மரம் பெரும்பாலும் நம்ம வன்னி. அவர்கள் கேஜ்ரி என்பார்கள், அதன் காயைக் காயவைத்ததுதான் அங்கே கறி வைக்கிற சாங்ரி. ரொட்டி கம்பு மாவில் இருக்கும். பிள்ளைக்குக் கம்பு ரொட்டி இறங்காது என்றால் அரிசி ஒரு கிலோவும் பருப்புப்பொடியும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் வடித்துத் தருவார்கள்.

தண்ணீர் குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள், 60 லிட்டர். சமையலும் பாத்திரமும் இதில் சேராது. குடிதண்ணீர் மூடி உடைக்காத கேனா, கிணற்றுத் தண்ணீரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். ஜெய்சல்மேர் ஸ்டேஷன் வாசலில் மிகக் குறைந்த வாடகைக்கு ரூம் என்று கூப்பிடுவார்கள், உள்ளே போனபிறகு ஒட்டகப் பயணத்தை அங்கேயே எடுக்கச்சொல்லி நெருக்குவார்கள். ரூமையும் பயணத்தையும் தனித்தனியாக, ஊரிலிருந்தே பேசிமுடிப்பது நல்லது. ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம், எல்லைப் பகுதி.

கருப்பட்டிக்காப்பி

ஒட்டகத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒட்டகம் எழும்போது பின்கால் முதலில் நிமிரும். ஏறி உட்கார்ந்தவர் அப்படியே முன்னால் சரிவார். படுக்கும்போது முன்கால் முதலில் மடங்கும், அப்போதும் முன்னால்தான் சரிவு. ஆகவே இரண்டுக்கும் ஒரே விதி: உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் முன்பக்கச் சேணத்துக் கட்டையை, மறு கையால் பின்பக்கக் கயிற்றைப் பிடிக்கணும். விழுகிறவர்களில் பலர் அது எழும் நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். இறங்கும்போது நான்கு காலும் மடங்கி வயிறு தரையைத் தொட்டபிறகுதான் காலைத் தூக்கணும்.

ஒரு பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து எடுத்துவைக்கிற நடை அதற்கு. குதிரை மாதிரி குதிப்பு இல்லை, படகு மாதிரி பக்கவாட்டில் ஆடும். இடுப்பை விறைக்காமல் அதோடு ஆடவிட்டால் முதுகு தப்பிக்கும். மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் போதும், அதற்குமேல் உள்தொடை பிடித்துக்கொள்ளும். கால்வளையம் இல்லாத சேணம்தான் பெரும்பாலும், கால் தொங்கியபடியே இருக்கும். கயிற்றில் வளையம் கட்டித்தரச் சொன்னால் கட்டித்தருவார்கள், பெரிய நிம்மதி. ஜீன்ஸ் வேண்டாம், உள்தையல் தோலை உரித்துவிடும். தொளதொள பருத்திப் பேண்ட், உள்ளே சைக்கிள் ஷார்ட்ஸ்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. நாம் போகிற குளிர்காலம்தான் ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கிற பருவம். வாயில் நுரை, பல்லை நறநறவென்று கடித்தல், தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் சத்தம், வாயோரம் இளஞ்சிவப்புப் பை மாதிரி ஒன்று ஊதி வெளியே தொங்குதல், பின்னங்கழுத்தில் கறுப்பாகக் கசிவு. இதில் எதைப் பார்த்தாலும் "வேறு ஒட்டகம் கொடுங்கள்" என்று ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளையை அதன் தலைப்பக்கம் விடவே கூடாது. கடித்தால் எலும்பு போகும்.

கிளம்புமுன் சேணத்தின் ஓரத்தைத் தூக்கி முதுகைப் பாருங்கள். புண்ணோ ஈயோ இருந்தால், மூக்குக்கட்டை குத்திய இடம் சீழ் வைத்திருந்தால், அந்த ஒட்டகத்தில் ஏறாதீர்கள். நாம் கேட்பதால்தான் அவர்கள் பார்ப்பார்கள். நாடு முழுக்க 2019 கணக்கெடுப்பில் ஒட்டகம் சுமார் இரண்டரை லட்சம்தான் மிச்சம். ராஜஸ்தான் 2014-இல் அதை மாநில விலங்காகவே அறிவித்தது. வாயில்லா ஜீவன், நம்ம மாடு மாதிரிதான். ஒட்டகக்காரருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள், ஏஜெண்டிடம் வேண்டாம்.

பாளைக்காரன்

அண்ணாச்சி இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மதம் பிடிக்கிற விஷயம் எங்கேயும் படித்ததில்லை. அம்மா விஷயம், பிள்ளை விஷயம் யாராவது சொன்னால் தேவலை.

பொதிகைச்சாரல்

தம்பி, அம்மாவை ஒட்டகத்தில் ஏற்றவேண்டாம். முட்டிவலிக்காரர்களுக்கு ஏறி இறங்குவதுதான் வேதனை: காலை அகட்டி இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் போடணும், அதுவும் நாளைக்கு நாலு தடவை. ஒட்டக வண்டி என்று கேளுங்கள். ரப்பர் டயர் போட்ட தட்டுவண்டி, மெத்தை விரித்து உட்கார்ந்து வரலாம், சாமான் போகிற வண்டியிலேயே இடம் கிடைக்கும். மேட்டின் அடிவாரம் வரை அது வந்துவிடும். மணல்மேட்டில் ஜீப் ஏற்றி இறக்கும் விளையாட்டு அவர்களுக்கு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு இறக்கத்திலும் முதுகெலும்பு அடிவாங்கும்.

இன்சுலினுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. பகலில் வெயில் படுகிற பையில் வைக்கக்கூடாது. துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றி, ஈரம் உள்ளே போகாத கவரில் வைத்து நிழலில் தொங்கவிடுங்கள். ராத்திரி நேர்மாறு. வெளியே விட்டால் உறைகிற அளவுக்குக் குளிரலாம், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, தூரப் போடணும். ரஜாய்க்குள் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுகர் பார்க்கிற மெஷின் 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் பிழைதான் காட்டும். பத்து நிமிஷம் அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள்.

அங்கே ராத்திரிச் சாப்பாடு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும், ஆட்டம் பாட்டம் முடிந்துதான் தட்டு வரும். அம்மாவுக்கு ஏழரைக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டு, சாப்பாடு கண்ணில் பட்டபிறகுதான் ஊசி போடணும். சுகர் இறங்கினால் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. குளுக்கோஸ் தூள் 15 கிராம் பொட்டலமாகக் கட்டி நாலைந்து, அம்மா பையில் இரண்டு, உங்கள் பையில் மிச்சம். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலக்கிக் கொடுங்கள், தாகத்துக்கு வெறும் தண்ணீர்தான்.

கழிப்பிடம் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள். வெட்டவெளியில் அம்மாவால் குத்தவைக்க முடியாது. மடக்கு கமோட் நாற்காலி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், வண்டியில் போட்டுக்கொள்ளலாம். அரை அடி ஆழக் குழி, மூடிவிடணும். நாப்கினும் டிஷ்யூவும் கவரில் திரும்ப ஊருக்கு வரணும், மணல் மூடுவது நாளைக் காற்றில் திறந்துவிடும்.

பிள்ளையைத் தனி ஒட்டகத்தில் விடாதீர்கள், உங்களில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து அணைத்துக்கொள்ளணும். சாக்ஸ் கம்பளியில் வேண்டாம். அங்கே பூரட் என்று ஒரு புல், அதன் முள்ளுருண்டை கம்பளியில் ஒட்டினால் பிய்க்கமுடியாது, விரலிலும் ஏறும். ஒரு இடுக்கி கட்டாயம். ராத்திரி எழுந்தால் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் போடணும், டார்ச் இல்லாமல் புதர்ப்பக்கம் போகக்கூடாது. தேள் உண்டு, சுருட்டை விரியனும் உண்டு. குளிரில் நடமாட்டம் குறைவு, அவ்வளவுதான். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் நேரே ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரி. அதனால்தான் ராத்திரியும் ஒரு ஜீப் கூப்பிடு தூரத்தில் நிற்குமா என்று முன்பே கேட்கணும்.

தேரிமணல்

அக்கா சொன்ன ஜீப் விஷயத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். சில மேடுகளில் டவர் எடுக்காது. எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று ஒட்டகக்காரருக்குத் தெரியும், இருட்டுமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போகுமுன் ஒரு சாயந்தரம் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டு, பக்கத்துத் தேரியில் ஒரு மணி நேரம் எல்லாரும் நடந்து பாருங்கள். இங்கே சிவப்பு, இரும்பு ஏறிய மண், அங்கே வெளிர்மஞ்சள். கால் புதைவது ஒன்றுதான். செங்குத்து முகத்தில் நேரே ஏறினால் ஒரு அடி வைத்தால் முக்கால் அடி கீழே வரும். காற்றடிக்கிற பக்கம் மணல் இறுகியிருக்கும், அந்த விளிம்பு வழியே ஏறினால் பாதி மூச்சு மிச்சம். எந்த ஷூவில் மணல் ஏறுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

தேதியில் ஒன்றிரண்டு நாள் நகர்த்த முடிந்தால் பஞ்சாங்கம் பாருங்கள். அமாவாசை ஒட்டி இருந்தால் ஏழு மணிக்கெல்லாம் கிழக்கே கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் பிள்ளைக்கு விரலால் காட்டலாம். பௌர்ணமி என்றால் நட்சத்திரம் மங்கும், ஆனால் டார்ச் இல்லாமல் மேடு ஏறலாம். சுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் மறக்காதீர்கள், ஒட்டகக்காரருக்கும் சேர்த்து.