ஃப்ரீசரில் மிஞ்சிய ஹாப்ஸை வைத்து ஒரு பேல் ஏல்

ஓரிகன்வாசி:

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் ஃப்ரீசரில், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் பாதி பிரித்த பாக்கெட்டுகள் கிடக்காமல் இருக்காது. என்னிடம் மூன்று ரகங்கள்: மாக்னம் 15 கிராம், காஸ்கேட் 28 கிராம் பாக்கெட் இரண்டு, சென்டென்னியல் அதே அளவில் ஒன்று இருந்தன. புதிதாக ஹாப்ஸ் வாங்காமல் 19 லிட்டர் அமெரிக்கன் பேல் ஏல் (வெளிர் நிறப் பியர் வகை) போடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை மோந்து பார்ப்பது. போர்ட்லண்டில் நான் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வாங்கும் கடைக்காரர், “தேதியைப் பார்க்காதே, மூக்கை நம்பு” என்பார். பழைய சீஸ் வாடை அடித்தால் காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், குப்பைக்குத்தான். மூன்றும் தப்பின.

அப்புறம் கணக்கு. கசப்பைத் தருவது ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம். ஆனால் அது நன்றாகக் கொதித்தால்தான் வெளிப்படும். மணமோ கொதிக்கக் கொதிக்க ஆவியாகிவிடும். அதனால் 12 சதவீத ஆல்ஃபா உள்ள மாக்னத்தை முழுசாக 60 நிமிடக் கொதிக்கு ஒதுக்கினேன். கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரப்படி அது மட்டுமே 22 ஐபியு (கசப்பின் அலகு). மணமுள்ள மற்ற இரண்டும் கடைசிக்கு: 10 நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் (5.5 சதவீதம்) ஒரு பாக்கெட், 5 நிமிடம் இருக்கும்போது சென்டென்னியல் (10 சதவீதம்). இரண்டும் ஆளுக்கு 7 ஐபியு. மொத்தம் 36. இந்த வகைக்கு 30 முதல் 50 வரை இருக்கலாம், ஆக சரி. மிச்சமிருந்த காஸ்கேட், பியர் நொதித்து முடிந்த பிறகு மூன்று நாள் ஊறப்போட.

மால்ட்டில் வித்தை எதுவும் காட்டவில்லை. அடிப்படை மால்ட்டான டூ-ரோ 4.1 கிலோ, இனிப்பும் நிறமும் தரும் கிரிஸ்டல் 40 மால்ட் ஒரு 340 கிராம், 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.051, முடிவில் 1.012, சுமார் 5 சதவீத ஆல்கஹால். ஈஸ்ட் யுஎஸ்-05 ரகம், 18 டிகிரியில் நொதிக்க விட்டேன். கிரிஸ்டலைக் கூட்டினால் இனிப்பு ஏறி ஹாப்ஸை அமுக்கிவிடும் என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம்!

கிளாஸில் ஊற்றியதும் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போல வாசம். காஸ்கேட் 1972-இல் வெளியானது, இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கார்வாலிஸில் உருவான ரகம். 1980-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் தொடங்கிய சியரா நெவாடா பியர் ஆலை இதை வைத்துத்தான் பேல் ஏலுக்கே புது முகம் கொடுத்தது. கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு.

கென்ட்தோட்டம்:

காஸ்கேடின் பரம்பரையில் எங்கள் இங்கிலாந்தின் ஃபக்கிள் ஹாப்ஸும் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் அண்ணா. என் பிரச்சினை வேறு. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியில் படர்ந்த ஹாப்ஸை ஒரு பை நிறையக் கொடுத்தார். என்ன ரகம் என்று அவருக்கே தெரியாது. ஆல்ஃபா தெரியாத ஹாப்ஸில் கசப்பைக் கணக்கிட முடியுமா? அதனால் கையிலிருந்த ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் பெல்லெட்டை (அழுத்திய உருண்டை) 60 நிமிடத்துக்குப் போட்டு ஐபியு முழுவதையும் அதிலேயே முடித்தேன். தோட்டத்து ஹாப்ஸ் அடுப்பை அணைத்த பிறகுதான் உள்ளே போனது. பச்சையாகப் போட்டால் காய்ந்ததைப் போல ஐந்து மடங்கு எடை வேண்டும், பாத்திரத்தில் பாதி இலையாகவே தெரியும். மாரிஸ் ஓட்டர் ரக பார்லி மால்ட், தண்ணீரில் கொஞ்சம் ஜிப்சம் உப்பு. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் இயற்கையாகவே அது அதிகம், கசப்பு சுருக்கென்று நிற்கும். மணம் புல்லும் தேனும் கலந்த மாதிரி. பெரியவர் இரண்டு பாட்டில் கேட்டு வாங்கிப் போனார்.

புதுக்காய்ச்சி:

என்னிடம் காஸ்கேட் மட்டும்தான் இருக்கிறது. மாக்னம் வாங்கியே ஆக வேண்டுமா?

ஓரிகன்வாசி:

வேண்டாம் தம்பி. காஸ்கேடையே 35 கிராம் 60 நிமிடத்துக்குப் போடுங்கள், 23 ஐபியு வந்துவிடும். இலைத்தூள் அடியில் அதிகம் தங்கும், அந்த அளவு பியர் குறையும், அவ்வளவுதான். பாக்கெட்டில் அச்சிட்ட ஆல்ஃபாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் அது மாறும்.