ரீப்பரில் எழுதின ஆட்டோமேஷன் தட்டைக் கோடாகிவிட்டது, மீட்க முடியுமா?

தொட்டில்கயிறு:
வணக்கம். அம்மா பாடின தாலாட்டை ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் வீட்டிலேயே பதிவு செய்திருக்கிறேன், 4 நிமிடம் 40 வினாடி. அம்மாவுக்கு 68 வயது. அசையாமல் உட்கார்ந்து பாட வராது. கையில் தொட்டில் கயிறு இருக்கிற மாதிரியே முன்னும் பின்னும் ஆடுவாங்க. அதனால் "ஆராரோ" மைக்குக்குப் பக்கத்தில் விழுகிறது, "ஆரிரரோ" ஒரு முழம் தள்ளிப் போய்விடுகிறது.

அதைச் சரிக்கட்ட ட்ராக்கை ரைட் மோடில் போட்டு, சத்த அளவை மாற்றுகிற ஃபேடரை வரிக்கு வரி ஏற்றி இறக்கி எழுதினேன். அந்த அசைவை மென்பொருள் ஒரு கோடாகப் பதிந்து, ப்ளே பண்ணும்போது தானே திருப்பிச் செய்யும், அதுதான் ஆட்டோமேஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதிலேயே போனது. ராத்திரி அக்காவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று ப்ளே பண்ணினேன். முடிந்ததும் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருந்த கோடு மொத்தமும் தட்டை. கை பழக்கத்தில் சேவ் பண்ணி மூடியும் விட்டேன். இப்போது திறந்தால் அன்டூவும் இல்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

மிக்ஸ்மேசை:
ரைட் மோடில் ப்ளே ஓடினாலே எழுதும். நீங்கள் ஃபேடரைத் தொடவே வேண்டாம், அது நிற்கிற இடத்தையே கடைசி வரை பதிந்துகொண்டு போகும். மறுபடி எழுதுவதுதான் வழி என்று நினைக்கிறேன்.

ஃபேடர்கை:
தம்பி, இப்போதைக்கு அந்த ப்ராஜெக்டில் சேவ் மட்டும் அழுத்தாதீங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்க, அதே பெயரில் ஆர்பிபி-பேக் (.rpp-bak) என்று முடிகிற ஃபைல் ஒன்று இருக்கும். செட்டிங்கை மாற்றாமல் இருந்தால், ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் முந்தைய சேவ் அதில் போய் உட்காரும். தட்டையான பிறகு ஒரே ஒரு முறைதான் சேவ் பண்ணினீங்கன்னா, அதற்கு முன்னால் எழுதி முடித்துச் சேவ் பண்ணின கோடு அதில் பத்திரமாக இருக்கும். முதலில் அதை ஒரு காப்பி எடுத்து, காப்பியின் பெயரில் கடைசியில் இருக்கிற "-பேக்" பகுதியை நீக்கிவிட்டுத் திறங்க.

கிடைத்ததும் ட்ராக்கை ட்ரிம்-ரீடு மோடுக்கு மாற்றிடுங்க. எழுதின கோடு அப்படியே ஓடும், ஃபேடரை ஏற்றினால் மொத்தப் பாட்டும் அந்த அளவு ஏறும், கோடு கலையாது. ஒரு வார்த்தையை மட்டும் திருத்தணும்னா டச் மோடு. பிடித்திருக்கும் வரை எழுதும், விட்டதும் பழைய கோட்டுக்கே திரும்பும். லாட்ச் மோடு அப்படியில்லை, விட்ட இடத்திலேயே நின்று, நிறுத்துகிற வரை எழுதிக்கொண்டே போகும். ரைட் மோடை நான் முதல் தடவை எழுதுவதற்கு மட்டும்தான் தொடுவேன், எழுதி நிறுத்தின கையோடு மாற்றிடுவேன். 10 வருஷமாக நாதஸ்வரம், தவில் மிக்ஸ் பண்றேன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வராது.

இன்னொன்று. கை எப்பவும் காதுக்குப் பின்னால்தான் ஓடும். சத்தம் இறங்குவதைக் கேட்டு நீங்க ஃபேடரை ஏற்றுவதற்குள் அந்த எழுத்தில் பாதி போயிருக்கும். எழுதி முடித்ததும் கோட்டில் இருக்கிற எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கேட்டுப் பாருங்க. சத்தம் கூடுகிற இடத்தைத் தானாக அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் போட்டிருந்தால் ஒன்று கவனிங்க: ட்ராக் ஃபேடர் அதற்குப் பின்னால் இருக்கு, சத்தம் கம்ப்ரஸரைத் தாண்டித்தான் ஃபேடருக்கு வரும். அம்மா முன்னால் வந்து பாடுகிற இடத்தில் கம்ப்ரஸர் இறுக்கிப் பிடித்தால், ஃபேடரால் அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியாது. பெரிய ஏற்ற இறக்கத்தை ஆடியோ ஐட்டத்தின், அதாவது ட்ராக்கில் கிடக்கிற பதிவுத் துண்டின், வால்யூமிலேயே முதலில் சமன் பண்ணிடுங்க. ஆனால் முழுசும் சமன் பண்ணிடாதீங்க. அந்த ஆட்டம் கொஞ்சமாவது கேட்கணும், அதுதானே தாலாட்டு.

தொட்டில்கயிறு:
அண்ணா, கிடைத்துவிட்டது! பேக் ஃபைலில் கோடு முழுசாக இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரி புள்ளிகளை இடப்பக்கம் தள்ளினேன். இரண்டாவது கண்ணியில் "கண்ணே" என்பதில் "க" முழுங்கிப் போயிருந்தது, இப்போது தெளிவாக விழுகிறது. கடைசி "ஆரிரரோ" இரண்டை மட்டும் டச்சில் திருத்தினேன், அதில் ஒன்றை அம்மா தள்ளிப் போகிற மாதிரியே விட்டுவிட்டேன். அக்கா நாளைக்கு மறுபடி வருகிறாள். ட்ராக் ட்ரிம்-ரீடில்தான் இருக்கிறது, இப்போதுகூட ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.