பழைய ஸ்டேண்ட்-அப் ஜெட் ஸ்கீயை வீட்டுக் கராஜில் மீட்டெடுத்தவர்களின் அனுபவங்கள்

மிச்சிகனிலிருந்து

இங்கே இலையுதிர் காலம் பிறந்ததும் வீட்டு வாசல்களில் படகுகளும் ஜெட் ஸ்கீ எனும் நீர் மோட்டார் வண்டிகளும் விற்பனை அட்டையோடு நிற்கத் தொடங்கிவிடும். நீண்ட குளிர்காலம் முழுவதும் அவற்றைக் கட்டிக் காக்க மனமில்லாதவர்கள், கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. என்னுடைய கவாசாகி ஜே.எஸ்.550 அப்படி வந்து சேர்ந்ததுதான். உட்கார்ந்து ஓட்டும் வண்டி அல்ல. நின்றுகொண்டு ஓட்டுவதற்கென்றே அமைந்தது. கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டோகிராஸ் வீரரின் யோசனையிலிருந்து உருவாகி, 1973-இல் சந்தைக்கு வந்த வரிசையில், இது 1982-இல் அறிமுகமான மாடல். இரண்டு சிலிண்டர், 531 சி.சி., டூ ஸ்ட்ரோக். கியர் கிடையாது, பிரேக் கிடையாது, ஆயிலைப் பெட்ரோலில் 50-க்கு 1 என்ற அளவில் நாமே கலந்து ஊற்ற வேண்டும். ஊரில் ஆர்.எக்ஸ்.100 வண்டியைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர்களுக்கு இந்த எஞ்சின் அந்நியமாகத் தோன்றாது.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் பின்புறத்தில் பொறித்திருக்கும் 12 இலக்க அடையாள எண்ணையும் உரிமைச் சான்றிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் ஒத்துப்போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடுத்ததாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு, இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவையும், அளந்து பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் எண் மீட்டருக்கு மீட்டர் மாறும் என்பதால் அந்த எண்ணைவிட, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அது பத்து விழுக்காட்டைத் தாண்டினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது என்று எண்ணி விலையைப் பேச வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். இணையத்தில் காணக்கிடைக்கும் மீட்டெடுப்புப் படங்களில் பெரும்பாலானவை பெயின்டில் தொடங்கி ஸ்டிக்கரில் முடிகின்றன. எஞ்சினுக்குள் காற்று புகுகிறதா என்று சோதிக்காத பழைய டூ ஸ்ட்ரோக்கின் மேல் அடிக்கும் பெயின்ட் வீண் செலவு என்பதே என் கருத்து. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள் முப்பது நாற்பது ஆண்டுகளில் இறுகிப்போய்விடுவதால், அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்துவிடுகிறது. பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்துவரும் ஆயிலும் குறையும், வெப்பம் ஏறும், முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. கார்புரேட்டரையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்றிவிட்டு, பழைய லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகளின் மேல் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கி அந்த வாய்களை அடைத்தேன். பிளக்குகளைத் திரும்பப் போட்டு, கிராங்க் கேஸிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் மெல்லிய பல்ஸ் குழாயில் ஒரு சிறிய பிரஷர் மீட்டரையும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் குமிழையும் இணைத்தேன். மீட்டரில் 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்துவிட்டுக் காத்திருந்தால், நல்ல எஞ்சினில் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். என்னுடையதில் முள் கண்ணெதிரே இறங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தபோது, ஃபிளைவீலுக்குப் பின்னால், முன்பக்க சீலின் விளிம்பில், கடுகளவு நுரைகள் வரிசையாகக் கிளம்பின. கிராங்க் கேஸைப் பிரித்து இரண்டு சீல்களையும் மாற்றினேன். கேஸின் இரு பாதிகளுக்கும் நடுவே கேஸ்கட் கிடையாது, மெல்லிய சீலன்ட் மட்டுமே என்பதால், பழைய பிசினைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். இரும்புக் கத்தி பட்டால் அலுமினிய முகப்பில் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகிவிடும்.

கார்புரேட்டர் மிக்குனி தயாரிப்பு. அதற்குக் கிடைக்கும் மலிவான நகல் கிட்களில் ஊசியும் அது அமரும் இருக்கையும் சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், அசல் கிட்டையே வாங்குங்கள். பெட்ரோல் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைத் தாங்கும் வகையில் அந்தக் காலத்துக் குழாய்கள் செய்யப்படவில்லை.

புளோரிடாவிலிருந்து

மேலே எழுதிய அண்ணனுடைய வண்டி நன்னீரில் ஓடியது என்பது போல்ட்கள் கழன்று வந்த விதத்திலேயே தெரிகிறது. உப்புநீரில் ஓடிய வண்டியில் பாதி உழைப்பு போல்ட் கழற்றுவதிலேயே போய்விடும். என்னுடையது யமஹா சூப்பர்ஜெட். 1990-இல் வெளிவந்து 1995 வரை விற்ற, மூக்கு சதுரமாக இருக்கும் முதல் தலைமுறை. அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்போடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. ஸ்பேனரைப் போட்டுப் பலத்தைக் காட்டினால் தலை முறியும். ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைத்து, பெட்ரோல் டாங்கை வெளியே எடுத்து, ஹல்லை (வண்டியின் வெளிக்கூட்டை) காற்றாட வைத்த பிறகு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, இறுக்கும் திசையில் சற்றே அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுவதுதான் எனக்குப் பலன் தந்த முறை. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரையிலும் கடல் பயன்பாட்டுக்கான ஆன்டி-சீஸ் பசையைத் தடவுங்கள்.

எஞ்சினில் சீல் எப்படியோ, உப்புநீர் வண்டியில் கிராங்க் பேரிங் அப்படி. ஒருமுறை கடல்நீர் உள்ளே போன எஞ்சினை அப்படியே நிறுத்தி வைத்திருந்தால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் பேரிங்கின் உருளைகளில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டம் உணரப்பட்டாலும் கிராங்கை அதற்கென்று இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டியதுதான். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு பகுதி, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி வண்டியை நகர்த்தும் ஜெட் பம்ப். எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்த நண்பரின் வண்டியில் எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லரின் இறக்கை நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தேய்ந்து போயிருந்தது. நுனியில் கல் பட்ட பள்ளங்கள் வேறு. அந்த இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டத் தொடங்கினாலே உந்துவிசை குறைவது கால்களுக்குத் தெரிந்துவிடும். பம்ப் ஹல்லோடு சேரும் விளிம்பையும் சிலிக்கானால் முழுவதும் அடைத்துவிடுங்கள். தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும் பம்ப் வெறும் நுரையைத்தான் பின்னால் தள்ளும். இவ்வளவும் செய்த பிறகு கிடைத்த வேகம், சிலர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மாட்டும் ரேஸ் எக்ஸாஸ்ட் தந்திருக்கக்கூடிய வேகத்துக்குக் குறைந்ததல்ல என்று அந்த நண்பரே ஒப்புக்கொண்டார்.

சிட்னியிலிருந்து

இருவரும் எஞ்சினையும் பம்பையும் எழுதிவிட்டதால் நான் ஹல்லைப் பற்றியும் மாற்றியமைப்பைப் பற்றியும் எழுதுகிறேன். என்னிடம் இருப்பதும் சூப்பர்ஜெட்தான், ஆனால் 1996-க்குப் பிந்தைய வட்டமூக்கு வகை. வாங்கிய நாளில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியபோதே எடை கூடுதலாக இருப்பதை உணர்ந்தோம். இந்த வண்டிகள் மூழ்காமலிருக்க உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள். ஹல்லில் விழுந்த விரிசலோ தளர்ந்த போல்ட் துளையோ தண்ணீரை உள்ளே விட்டால் அந்த ஃபோம் நாளடைவில் ஊறிப்போகும். ஊறிய ஃபோம் வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். நிற்கும் தட்டின் அடியிலிருந்த ஃபோமை வெட்டி எடுத்தபோது பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. எடுத்த இடத்தில் தண்ணீர் புகாத வகை ஃபோமை ஊற்றி, மேலே ஃபைபர் கிளாஸ் போட்டு மூடினேன்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த ஹல் எஸ்.எம்.சி. என்ற, அச்சில் அழுத்திச் செய்யப்பட்ட ஃபைபர். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் இதன்மேல் சரியாக ஒட்டுவதில்லை. சில மாத ஓட்டத்தில் ஒட்டுப்போட்ட இடம் தகடாக உரிந்து வரும். எபாக்சி ரெசினையே பயன்படுத்துங்கள். ஒட்டும் பரப்பை 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துக் காயவிட்ட பிறகே ரெசினைத் தொட வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று எண்ணாமல் முறையான மாஸ்க் அணியுங்கள்.

மாற்றியமைப்பில் முதலில் செய்ய வேண்டியது கால் வைக்கும் தட்டுதான் என்பேன். பழைய மேட்டையும் (கால் விரிப்பு) அதன் பசையையும் சுரண்டி எடுத்து, குதித்தாலும் கால் நழுவாதபடி பாதத்தைக் கவ்விக்கொள்ளும் ஃபைபர் கிளாஸ் வளையங்களை இரு பக்கமும் பதித்து, அதன்மேல் புதிய மேட்டை ஒட்டினேன். வளையத்தின் அளவை வெறுங்காலில் எடுக்காமல், நீரில் அணியும் ஷூவைப் போட்டுக்கொண்டு எடுங்கள். கால் எளிதாக வெளிவராத வளையம் கவிழும்போது கணுக்காலை முறித்துவிடும். மேட்டை ஒட்டும்போது கான்டாக்ட் சிமென்ட்டை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும். ஒருமுறை பட்டுவிட்டால் நகர்த்த முடியாது என்பதால், முதலில் காகிதத்தில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஹேண்டில்பாரைத் தாங்கும் நீண்ட கையான ஹேண்டில் போல். அதன் அடியிலுள்ள புஷ்கள் (அது அசையும் இடத்து வளையங்கள்) தேய்ந்திருந்தால் வண்டி நேராகப் போனாலும் கை ஆடிக்கொண்டே இருக்கும். புஷ்களை மாற்றி, என் உயரத்துக்கு ஏற்ற பாரைப் போட்டதும் திருப்புவது பாதி முயற்சியில் முடிந்தது. எஞ்சினில் நான் கை வைக்கவில்லை. சிலிண்டரின் மூடியான ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றியவர்கள், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் உயர் ரகப் பெட்ரோலும் போதாமல் ரேஸ் பெட்ரோலைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். வார இறுதியில் ஓட்டுபவருக்கு அது தேவையா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

மிச்சிகன் அண்ணனுக்கு ஒரு கேள்வி. எஞ்சினைப் பூட்டி முடித்ததும் தண்ணீரில் இறக்குவதற்கு முன் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் குளிர்விக்கும் தண்ணீரை எப்படிக் கொடுத்தீர்கள்?

மிச்சிகனிலிருந்து மீண்டும்

ஓட்டிப் பார்த்தேன், தம்பி. இந்த வண்டிகளில் ரேடியேட்டர் இல்லை. பம்ப் தள்ளும் ஏரித் தண்ணீரே எஞ்சினைச் சுற்றி வந்து எக்ஸாஸ்ட் வழியே வெளியேறுகிறது. வீட்டில் தோட்டக் குழாயை அதற்கான முனையில் இணைக்கலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் எஞ்சினைக் கிளப்பி, அதன்பின் உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடி, ஓரிரு முறை திராட்டிலைச் சிறிது அழுத்தி எக்ஸாஸ்டில் தங்கியதை வெளியேற்றிவிட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நேரத்தில் குழாய் திறந்திருந்தால், தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகப் பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் நிறைந்துவிடும். தண்ணீரில்லாமல் சில நொடிகளுக்கு மேல் ஓட்டவும் கூடாது.

ஃபிளேம் அரெஸ்டரையும் மறந்துவிடாதீர்கள். கார்புரேட்டரின் வாயில் இருக்கும் அந்த உலோக வலையை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஃபில்டரை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். மூடிய ஹல்லுக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும்; எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் அந்தத் தீயை வெளியே விடாமல் தடுப்பது அந்த வலைதான். அமெரிக்காவில் இத்தகைய பெட்ரோல் எஞ்சினுக்குச் சட்டப்படியும் அது கட்டாயம்.

பெயின்டைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பாகக் கார் பெயின்ட்தான் நீடித்து உழைக்கும். அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கக்கூடியது என்பதால், தேய்ப்பது, பிரைமருக்குத் தயார் செய்வது வரை நானே செய்துவிட்டு, அடிக்கும் வேலையை மட்டும் கார் பெயின்ட் கடையில் கொடுத்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இங்கே பதிவு எண்ணை இரு பக்கமும் குறைந்தது 3 அங்குல உயர எழுத்தில், பின்னணிக்கு மாறான நிறத்தில் ஒட்ட வேண்டும். அந்த இடத்தில் பல நிறக் கோலங்களை இழுத்துவிட்டு, எண் எடுபடவில்லை என்று கரையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் முன்பகுதியின் இரு பக்கத்தையும் வெறும் வெள்ளையாக விட்டுவிட்டு, கறுப்பு எழுத்துகளை ஒட்டியிருக்கிறேன்.