ஹைட்ராலிக் டேப்பட் மாத்துன அன்னைக்கே கிக்கர் அடிக்காதீங்க

வீட்டுலயே டேப்பட் (கேம் தள்ளறதை வாங்கி வால்வைத் தொறக்க வெக்கற சின்ன உருளை) மாத்துனவங்க இருந்தா, மேல ஊர் பேரைப் போட்டு உங்க அனுபவத்தையும் எழுதுங்க. என்னுதை முதல்ல சொல்லிடறேன்.

சென்னிமலை

வண்டி 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, யூசிஇ இஞ்சின் (இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்கறது). வெளியூர் வேலைங்கறதால ரெண்டு வருசம் தொண்டுபட்டி ஓரமா நின்னுட்டே இருந்துச்சு. திரும்பி வந்ததும் ஆயில் மாத்தாம எடுத்து ஓட்டுனது என் தப்பு. பத்து நாள்ல ஹெட்டுப் பக்கம் டிக் டிக்னு சத்தம். காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் ரெண்டு மூணு விநாடி வந்து அடங்குனா பயப்பட வேண்டாமுங்க. ராத்திரி நின்னப்ப டேப்பட்டுல இருந்து கசிஞ்ச ஆயில் மறுபடியும் ஏர்ற நேரம் அது. என் வண்டியில பெருந்துறை போய்ச் சேர்ந்தும் அடங்கலை. ஆயிலும் ஃபில்டரும் மாத்தி 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தும் குறையலை. ரிங்கும் போட வேண்டி இருந்துச்சு. சரின்னு ஹெட்டையும் போரையும் (சிலிண்டர்) இறக்கி, டேப்பட் ரெண்டையும் புதுசு போட்டுட்டேன்.

எங்கய்யன் வெச்சிருக்கறது பழைய இரும்பு இஞ்சின் புல்லட். டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் (வால்வை அமுக்கற கை) நடுவுல நிக்கற கம்பிதான் புஷ்ராடு. அதுல புஷ்ராட்டோட அடிமுனையில இடைவெளியை செட் பண்ண அட்ஜஸ்டரும் லாக் நட்டும் இருக்கும். இஞ்சின் நல்லா ஆறுனப்பறம், கம்ப்ரெஷன்ல டாப் வெச்சு (பிஸ்டன் உச்சியில, ரெண்டு வால்வும் மூடி), வலது பக்கத்து கவரைக் கழட்டிட்டு ராட்டைத் தொட்டுப் பாப்பாரு. ரெண்டு வெரல்ல புடிச்சா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. அதுதான் அவருக்கு செட்டிங். ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) அவரு எடுத்து நான் பாத்ததே இல்லை.

யூசிஇயில அந்த அட்ஜஸ்டரே கெடையாது. டேப்பட்டுக்குள்ள ஒரு பிளஞ்சர், அதுக்கடியில ஆயில், அந்த ஆயில் திரும்பி ஓடாம தடுக்கற குட்டி வால்வு. இஞ்சின் சூடாக ஆக மார்ற இடைவெளியை ஆயிலே நெரப்பிக்கும். டவுன்ல ஒரு மெக்கானிக் "டேப்பட் செட்டிங்கும் பண்ணிடோணும்"னு சொன்னப்ப, செட் பண்ண அதுல ஒண்ணும் இல்லீங்கன்னு நான் சொன்னது சரிதான். ஆனா அதுலயே ஒண்ணை விட்டுட்டேன்.

புது டேப்பட்டை அப்படியே போடக்கூடாதுன்னு தெரியும். 15டபிள்யூ50 ஆயிலை ஒரு டப்பாவுல ஊத்தி, ரெண்டையும் முங்க வெச்சு, கம்பியில பிளஞ்சரை அமுக்கி அமுக்கிக் காத்தை வெளியேத்துனேன். குமிழி நின்னப்பறம் பிளஞ்சர் கல்லு மாதிரி ஆயிருச்சு. எல்லாத்தையும் பூட்டி ராக்கரை இறுக்கறப்ப பொழுது சாஞ்சு போச்சு. எங்கய்யன் வந்து, கவர் மூடறதுக்கு முன்னாடி புஷ்ராட்டு மேல வெரலை வெச்சாரு.

"ஏங்கண்ணு, ராடு சுத்தவே மாட்டேங்குது. இப்படியேவா மூடுவ?"

"இதுக்கு செட்டிங் கெடையாதுங்கய்யா, தானா சரியாயிக்கும்"னுட்டு மூடிட்டேன்.

கிக்கரை மிதிச்சா கால் அப்படியே தரைக்குப் போகுது. கம்ப்ரெஷனே இல்லை. இன்னொரு தடவை மிதிச்சேன், அதேதான். எனக்குக் கை நடுங்கிப் போச்சு. வால்வு வளைஞ்சிருச்சோ, ரிங்கை மாத்திப் பூட்டிட்டமோன்னு என்னென்னமோ தோணுச்சு. மறுபடியும் ஹெட்டை இறக்கலாம்னு ஸ்பேனரை எடுத்தவனை எங்கய்யன்தான் விடலை. "பொழுது விடியட்டும் சாமி, வெளிச்சத்துல பாக்கலாம்"னாரு.

காலையில ராக்கர் கவரைக் கழட்டுனேன். ரெண்டு ராடும் வெரலுக்குச் சுத்துச்சு. கிக்கரைக் கையில அமுக்கிப் பாத்தா கம்ப்ரெஷன் இருக்குது.

நடந்தது இதுதானுங்க. முழுசா ஆயில் நெரம்பின டேப்பட் அளவுக்கு மேல நீண்டு நிக்குது. ராக்கரை இறுக்குனதும் ராடு மேல தள்ளி, வால்வு சீட்டுல உக்காராம தூக்கிட்டு நின்னிருக்குது. வால்வு ஸ்பிரிங்கு அமுக்க அமுக்க, பிளஞ்சர் ஓரமா ஆயில் கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சு டேப்பட் அளவுக்கு வரணும். அந்த இடுக்கு முடியை விட மெல்லிசு, அவசரப்பட்டா ஆகாது. அந்த நேரத்துல செல்ஃப் அடிச்சிருந்தா ராடு வளையறதுக்கும் பிஸ்டன் மேல வால்வு இடிக்கறதுக்கும் வாய்ப்பு இருந்துச்சு. ரெண்டு மிதியோட நிறுத்துனதால தப்பிச்சுது.

எங்கய்யன் வெரல் சொன்னதை நான் காதுல வாங்கலை. அட்ஜஸ்ட் பண்ண ஸ்க்ரூ இல்லாட்டியும், ராடு சுத்துதான்னு பாக்கறது இதுக்கும் வேணும்.

நாமக்கல்

எங்க பட்டறை லாரிப் பட்டறைங்க. ஆறு சிலிண்டர்ல 1-5-3-6-2-4னு வெடிக்கற வரிசை. ஆறாவது சிலிண்டர்ல ரெண்டு வால்வும் ஆடற நேரத்துல (ஒண்ணு மூடி ஒண்ணு தொறக்கறப்ப) ஒண்ணாவது சிலிண்டரை செட் பண்ணணும், ரெண்டு ஆடறப்ப அஞ்சு, நாலு ஆடறப்ப மூணு. கூட்டுனா ஏழு வரணும்னு சின்ன வயசுலயே மனப்பாடம். கையில எந்நேரமும் ஃபில்லர் கேஜ் இருக்கும்.

அந்தப் பழக்கத்துலயே 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசல் காரு ஒண்ணைத் தொறந்தேன். கேஜை விட எடமே இல்லை. 16 வால்வுக்கும் அடியில ஹைட்ராலிக். அரை மணி நேரம் சும்மா நின்னு பாத்துட்டேதான் இருந்தேன்.

நான் சொல்ல வர்றது வேற. கழட்டுனதைத் திரும்பப் போடறதா இருந்தா எது எந்த எடத்துல இருந்துச்சோ அங்கயே போகணும். ஒவ்வொண்ணும் அதனதன் எடத்துல தேஞ்சிருக்கும். தொறந்து கழுவுனா உள்ள இருக்கற பிளஞ்சரையும் வெளிக்கூட்டையும் ஒண்ணுக்கொண்ணு மாத்தக்கூடாது, அது ஜோடி ஜோடியா அளவெடுத்துப் பண்ணுனது. எங்க ஊர்ல முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. குழிக்குக் குழி நம்பர் எழுதி, தலை மேல பாக்க நிக்க வெச்சிருவேன். படுக்க வெச்சா ஆயில் வழிஞ்சு காத்து ஏறிக்கும்.

தாராபுரம்

பதினோரு வருசம் ஷார்ஜாவுல ஒரு கராஜுல இருந்தேன். அங்க பழைய கேப்ரிஸ் காருக நெறைய வரும், 5.7 லிட்டர் வி8. அது ஹைட்ராலிக்கும் உண்டு, அட்ஜஸ்ட்மென்ட்டும் உண்டு. ராக்கர் நடுவுல ஒரு நட்டு இருக்கும். நட்டை இறுக்கிட்டே வந்து இடைவெளி சரியா தீர்ந்து போற எடத்தைக் கண்டுபுடிச்சு, அதுக்கு மேல அரைச் சுத்துல இருந்து ஒரு சுத்து வரைக்கும் இறுக்கணும். பிளஞ்சர் நடு எடத்துல நிக்கறதுக்குத்தான் அது.

சென்னிமலைக்காரருக்கு ஒண்ணு சொல்லணுமுங்க. ராடு சுத்துதான்னு பாக்கறது இந்த மாதிரி இஞ்சின்ல ஏமாத்தும். ஆயில் ஏறாத புது லிஃப்டருக்குள்ள (டேப்பட்டைத்தான் சொல்றேன்) இருக்கற ஸ்பிரிங்கு ரொம்ப வலு கம்மியானது. இடைவெளி தீர்ந்து, நீங்க ரெண்டு சுத்து கூடுதலா இறுக்கியிருந்தாலும் ராடு வெரலுக்குச் சுத்திட்டேதான் இருக்கும். நான் முதல் காருல அப்படிப் பண்ணி, எட்டு சிலிண்டர்ல அஞ்சுதான் வேலை செஞ்சுது. ராட்டை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் நிக்கற எடம்தான் பூஜ்யம். ஒண்ணாம் சிலிண்டரை டாப்ல வெச்சுப் பாதி வால்வு, கிராங்கை ஒரு சுத்து சுத்தி ஆறாம் சிலிண்டர் டாப் வந்ததும் மீதி எட்டு.

கோபி

அண்ணா, எவ்வளவு நேரம் விட்டா போதும்? என்னோட வண்டியும் யூசிஇதான், வர்ற வாரம் பிரிக்கறேன்.

சென்னிமலை

கோபி தம்பிக்கு: கடிகாரத்தைப் பாக்காதீங்க. நான் ஒரு ராத்திரி விட்டேன், ஆனா ஆயிலோட கெட்டி, அன்னைய குளிரு, டேப்பட்டுல எவ்வளவு ஆயில் ஏத்துனீங்கன்னு ஒவ்வொண்ணும் நேரத்தை மாத்தும். கம்ப்ரெஷன்ல டாப் வெச்சுட்டு ராக்கரை ஒரேடியா இறுக்காம, கொஞ்சம் இறுக்கி, சித்த விட்டு, மறுபடியும் இறுக்குங்க. ராடு ரெண்டும் சுத்தற வரைக்கும் கிக்கரையும் செல்ஃபையும் தொடாதீங்க. சுத்துனப்பறம் பிளக்கைக் கழட்டிட்டுக் கையாலயே நாலஞ்சு தடவை கிக்கரை மெதுவா அமுக்குங்க. எங்கயும் இடிக்கலைன்னா ஸ்டார்ட் பண்ணலாம். முதல் நிமிசம் சத்தம் வரும், ரேஸ் பண்ணாதீங்க.

தாராபுரத்தார் சொல்றது சரிதானுங்க. அவரு செட் பண்றதுக்குப் பாக்கறாரு. என் இஞ்சின்ல செட் பண்ண ஒண்ணும் இல்லாததால, ஆயில் கசிஞ்சு வால்வு உக்காந்துருச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தச் சுத்து.

வண்டி இப்ப 1,400 கிலோமீட்டர் ஓடிருச்சு, சத்தம் இல்லை. போன ஞாயித்துக்கெழமை எங்கய்யன் அவரோட பழைய புல்லட்டைத் திண்ணை ஓரமா நிறுத்தி, டேப்பட் கவரைக் கழட்டிட்டு, என்னை செட் பண்ணச் சொன்னாரு. லாக் நட்டை இறுக்கறப்ப அட்ஜஸ்டரும் கூடவே துளி திரும்பிக்குது, எக்ஸாஸ்ட் ராடு மூணு தடவையும் இறுகிப் போச்சு. நாலாவது தடவை அவரு வெரலை வெச்சுச் சுத்திப் பாத்தாரு. ஒண்ணும் பேசலை, கவரை எடுத்துக் கையில கொடுத்தாரு.