டேஷ்கேம் மாட்டியதிலிருந்து பேட்டரி இறங்குகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, வணக்கம். போன மாதம் காரில் டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா) மாட்டினேன். லைட்டர் சாக்கெட்டில் வயர் தொங்குவது பிடிக்காமல், ஹார்டுவயர் கிட் (கேமராவை நேரடியாக வண்டி வயரிங்கில் இணைக்கும் செட்) வாங்கி ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே இணைப்பு எடுத்தாயிற்று. மஞ்சள் வயர் எப்போதும் கரன்ட் வரும் ஃபியூஸில், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் ஃபியூஸில், கறுப்பு பாடி போல்ட்டில்.

ரெண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட்டர் 'டிக் டிக்' என்பதோடு சரி. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவியை எடுத்ததும் சிவப்பில் வோல்டேஜ் பூஜ்யம், அது சரி. ஆனால் பார்க்கிங் மோடில் (வண்டி நிற்கும்போதும் பதிவு செய்வது) கேமரா மட்டும் 0.3 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர். என் பேட்டரியே 35தான், அதுவும் மூன்று வருடப் பழசு.

கிட்டில் கட்-ஆஃப் (பேட்டரி இந்த அளவுக்கு இறங்கினால் கேமராவை நிறுத்துவது) 12.0 வோல்ட்டில் இருக்கிறது. 12.2-க்கு ஏற்றினால் போதுமா, இல்லை மஞ்சளைக் கழற்றிவிட்டு பார்க்கிங் மோடையே மறந்துவிடலாமா? தெருவில்தான் நிறுத்துகிறேன், அதனால் விட மனசில்லை. கறுப்பு வயர் மாட்டிய போல்ட்டில் பெயின்ட் இருந்தது, சுரண்டவில்லை. அதுவும் காரணமாக இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.